ஆட்டோமேட்டிக் கேட் போட எவ்வளவு ஆகும்? முதல்முறை போடுபவர்களுக்கான வழிகாட்டி

நன்றாக ஓடும் ஸ்லைடிங் கேட் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது, அதற்கு மோட்டார் மட்டும் போட வேண்டும் என்றால், தமிழ்நாட்டில் இன்றைய நிலவரப்படி சுமார் 35,000 முதல் 52,000 ரூபாய்க்குள் வேலை முடியும். கேட்டையே புதிதாக அடித்து, தண்டவாளம் பதித்து, வயர் இழுத்து, மோட்டாரும் வைப்பதென்றால் 80,000 ரூபாயில் தொடங்கி ஒன்றேகால் லட்சம் வரை போகும். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கேட், இத்தாலி மோட்டார் என்று போனால் இரண்டு லட்சத்தைத் தொடும். இரட்டைக் கதவு கேட்டுக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு மோட்டார் வேண்டும், அதனால் அதன் கணக்கு தனி.

இதெல்லாம் 10 முதல் 12 அடி அகலமுள்ள, ஒரு கார் போய்வரும் வீட்டுக் கேட்டுக்கான தோராயக் கணக்கு. ஊருக்கு ஊர் கொஞ்சம் கூடும், குறையும்.

கடைக்குப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது மோட்டாரின் விலையைத்தான். ஆனால் செலவைத் தீர்மானிப்பதும், பிற்பாடு தொல்லை கொடுப்பதும் பெரும்பாலும் மோட்டார் இல்லை. கேட்டின் எடை, அதன் சக்கரம், அது ஓடும் தரை, இந்த மூன்றும்தான். நல்ல சக்கரத்தில் ஓடும் லேசான கேட்டை 20,000 ரூபாய் மோட்டார் பல வருஷம் இழுக்கும். தடவித் தடவி ஓடும் கேட்டில் 60,000 ரூபாய் மோட்டாரை மாட்டினாலும் அடுத்த வருஷமே சர்வீஸ் ஆளைத் தேட வேண்டியிருக்கும். அதனால் வேலையைக் கீழே சொல்லும் வரிசையில் செய்யுங்கள்.

முதலில் இடத்தை அளந்து பாருங்கள்

டேப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போங்கள். ஸ்லைடிங் கேட் என்றால், திறந்த கேட் போய் நிற்க மதிலோரமாக இடம் வேண்டும். கேட்டின் அகலத்தோடு ஒன்றரை முதல் இரண்டு அடி சேர்த்துக் கணக்கிடுங்கள். 12 அடி கேட்டுக்கு மதிலை ஒட்டி 14 அடி காலியாக இருக்க வேண்டும். மரம், தண்ணீர்த் தொட்டியின் மூடி, ஈபி மீட்டர் பெட்டி, வாட்ச்மேன் நாற்காலி போடும் மூலை, எதுவும் குறுக்கே வரக் கூடாது.

முகப்பு 40 அடி இருக்கும் முழு கிரவுண்டு மனையில் இதில் சிக்கல் இல்லை. 20 அடி முகப்பில் 60 அடி ஆழமுள்ள அரை கிரவுண்டு வீடுகளில்தான் மாட்டிக்கொள்வோம். 10 அடி கேட் வைத்துவிட்டால் மீதி இருப்பது 10 அடிக்கும் குறைவு. கேட் முழுசாகத் திறக்காது. இங்கே இரண்டு வழி உண்டு. ஒன்று, கேட்டை இரண்டு துண்டாக்கி ஒன்றன் பின் ஒன்றாக ஓடும்படி செய்யும் டெலஸ்கோப்பிக் வகை. இதற்கு ஆறு, ஏழு அடி இடம் போதும். ஆனால் இரண்டு தண்டவாளம், கூடுதல் சக்கரங்கள், துண்டுகளை இணைக்கும் கேபிள் என்று இரும்பு வேலையின் செலவு ஒன்றரை மடங்காகும். இன்னொன்று, இரட்டைக் கதவு கேட்.

இரட்டைக் கதவு கேட் கண்டிப்பாக உள்பக்கம்தான் திறக்க வேண்டும். ரிமோட்டை அழுத்தியதும் தெருப்பக்கம் விரியும் கேட் நடந்து போகிறவர் மீது இடிக்கும், பைக்கில் வருபவரைத் தள்ளும். உள்பக்கம் திறந்தால் ஒவ்வொரு கதவுக்கும் ஆறு அடி வீசும் இடம் தேவை. போர்ட்டிகோவில் நிறுத்திய காரின் பம்பர் அந்த ஆறு அடிக்குள் வருகிறதா என்று காரை நிறுத்தியே பாருங்கள். வீடு தெருவைவிட உயரமாக இருந்து, வாசலிலிருந்து உள்ளே சரிவு ஏறினால், உள்ளே திறக்கும் கதவின் அடி தரையில் தட்டும். கதவைத் தரையிலிருந்து தூக்கி வைத்தால் மூடியிருக்கும்போது அடியில் நாய் புகும் அளவுக்குச் சந்து விழும். ஏறும் சரிவுள்ள வீட்டுக்கு ஸ்லைடிங் கேட்டே சரி.

கதவு கேட்டில் பில்லரையும் பார்க்க வேண்டும். மோட்டாரின் கை பில்லரைப் பிடித்துக்கொண்டுதான் கதவைத் தள்ளுகிறது. செங்கல்லில் கட்டி மேலே கிரானைட் ஒட்டிய பில்லர் அந்த உதையைத் தாங்காது, ஆறு மாதத்தில் விரிசல் விடும். உள்ளே கம்பி கட்டிய கான்கிரீட் பில்லர் வேண்டும்.

இடம் இருக்கும் பட்சத்தில் என் தேர்வு எப்போதும் ஸ்லைடிங்தான். ஒரே மோட்டார், காற்றுக்கு அசையாது, பழுது பார்ப்பதும் எளிது.

கேட்டின் எடையைக் கணக்கிடுங்கள்

"உங்க கேட் எவ்வளவு வெயிட் சார்?" என்று டீலர் கேட்பார். பெரும்பாலானவர்கள் குத்துமதிப்பாக ஒரு எண்ணைச் சொல்வார்கள். அவரும் பாதுகாப்புக்கு ஒரு படி பெரிய மோட்டாராகச் சொல்லிவிடுவார், அங்கேயே ஐந்தாயிரம் போய்விடும். எடையை நீங்களே கண்டுபிடிக்கலாம், கஷ்டமில்லை.

12 அடி அகலம், 5 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 60 சதுர அடி, அதாவது சுமார் ஐந்தரை சதுர மீட்டர். 2 மி.மீ. கனமுள்ள இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 15.7 கிலோ. கேட் முழுவதும் தகடு அடித்தால் தகடு மட்டும் 87 கிலோ வரும். சட்டத்துக்கு 2 அங்குல சதுரக் குழாய், 2 மி.மீ. கனத்தில், மீட்டருக்கு ஏறக்குறைய 3 கிலோ. சுற்றிலும் உள்ள சட்டமும் நடுவில் வரும் குழாய்களும் சேர்ந்து 15 மீட்டர் என்றால் 45 கிலோ. சக்கரம், கைப்பிடி, பூ வேலைப்பாடு எல்லாம் ஒரு 25 கிலோ. மொத்தம் 160 கிலோவை ஒட்டி வரும்.

இதே கேட்டில் தகட்டை 2 மி.மீ.யிலிருந்து 1.2 மி.மீ. ஆக்கினால் 35 கிலோ குறைகிறது. இரும்பு கேட்டுக்குப் பட்டறையில் கிலோ கணக்கில்தான் கூலியோடு சேர்த்து விலை சொல்வார்கள். கிலோ 130 முதல் 170 ரூபாய் வரை. அப்படியென்றால் தகட்டின் கனத்தைக் குறைத்த ஒரே முடிவில் சுமார் 5,000 ரூபாய் மிச்சம், மோட்டாருக்கும் பளு குறைவு. முழுத் தகட்டுக்குப் பதிலாக இடைவெளி விட்டுப் பட்டைகள் அடித்தால் காற்றும் பிடிக்காது. ஆனால் சட்டக் குழாயின் கனத்தில் கை வைக்காதீர்கள். சட்டம் மெலிந்தால் கேட் நடுவில் வளையும். வளைந்த கேட்டில் அடித்த பல்சட்டத்தை மோட்டாரின் பல்சக்கரம் சரியாகக் கடிக்காது.

எஸ்.எஸ். கேட் கிலோ 400 முதல் 550 ரூபாய் வரை போகிறது. கடற்கரையை ஒட்டிய பெசன்ட் நகர், திருவான்மியூர், தூத்துக்குடி போன்ற இடங்களில் உப்புக்காற்று இரும்பை வேகமாகத் தின்னும். அங்கே எஸ்.எஸ். போடுவதில் நியாயம் இருக்கிறது, 304 கிரேடுதானா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். மதுரையிலோ ஈரோட்டிலோ இருப்பவர்களுக்கு நல்ல பிரைமர் அடித்து இரண்டு கோட் பெயின்ட் அடித்த எம்.எஸ். (சாதாரண இரும்பு) கேட் தாராளமாகப் போதும்.

சக்கரமும் தண்டவாளமும்: இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்

கேட்டின் அடியில் இரண்டு சக்கரம் இருக்கும். பேரிங் வைத்த, லேத்தில் கடைந்த சக்கரம் ஒன்றுக்கு 1,000 முதல் 2,500 ரூபாய். முந்நூறு, நானூறு ரூபாயிலும் கிடைக்கும், ஆனால் அதன் பேரிங் ஒரு மழைக்காலத்திலேயே துருப்பிடித்துக் கரகரக்கும். மொத்தச் செலவில் இந்த இரண்டு சக்கரமும் ஒரு மூலைக்குக்கூட வராது. ஆனாலும் மோட்டாரின் ஆயுள் இவற்றைப் பொறுத்தே இருக்கிறது.

தண்டவாளத்துக்குக் கவிழ்த்த ஆங்கிளோ, உருட்டுக் கம்பியோ போடுவார்கள். எதுவானாலும் அடியில் கான்கிரீட் பட்டை போட்டு அதில் பதிக்க வேண்டும். டைல்ஸ் மேலேயோ பேவர் பிளாக் மேலேயோ போல்ட் அடித்தால் கார் ஏறி இறங்கும் இடத்தில் பள்ளம் விழும், கேட் அங்கே வந்ததும் ஒரு தட்டுத் தட்டும். மட்டப்பலகை வைத்துத் தண்டவாளத்தின் நீளம் முழுக்கச் சமமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொத்தனாருக்குப் பணம் கொடுக்க வேண்டும். சரிவு இருந்தால் ஒரு பக்கம் போகும்போது மோட்டார் திணறும், மறுபக்கம் கேட் தானாக ஓடும்.

ஏற்கெனவே கேட் இருப்பவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். விமானப் பயணத்துக்குப் பெட்டியை எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று 300, 400 ரூபாய்க்குக் கிடைக்கும். அதைக் கேட்டின் ஓரத்தில் மாட்டி, நிதானமாக, ஒரே வேகத்தில் இழுங்கள். 160 முதல் 200 கிலோ எடையுள்ள கேட், நல்ல சக்கரத்தில், நேரான தண்டவாளத்தில் ஓடும்போது தராசு 10 கிலோவைத் தாண்டக் கூடாது. ஓரிடத்தில் மட்டும் 20, 25 என்று எகிறினால் அங்கே தண்டவாளம் வளைந்திருக்கிறது, அல்லது மேலே கேட்டைப் பிடித்து நிறுத்தும் கைடு ரோலர் இறுகியிருக்கிறது. அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்து, பட்டறைக்காரரை வரவழைத்துக் காட்டுங்கள். இரண்டாயிரம் மூவாயிரத்தில் சரியாகிவிடும். இதைச் செய்யாமல் மோட்டாரை மாட்டாதீர்கள்.

அப்புறம், தண்டவாளத்தின் இரண்டு முனையிலும் கேட் மோதி நிற்கும் இரும்புத் தடுப்பு வேண்டும். முனை வந்ததும் நிறுத்தும் லிமிட் சுவிட்ச் மோட்டாரில் இருக்கிறதே என்று சிலர் இதை விட்டுவிடுகிறார்கள். சுவிட்ச் ஒருநாள் வேலை செய்யாமல் போனால் கேட் தண்டவாளத்தை விட்டு இறங்கிச் சாயும். 160 கிலோ இரும்பு சாய்ந்தால் அடியில் இருப்பவர் பிழைப்பது கஷ்டம். இரண்டு தடுப்புக்கும் சேர்த்து ஆகும் செலவு 500 ரூபாய்.

மோட்டார் தேர்வு

கேட்டின் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இழுக்கக் கூடிய மோட்டாராக எடுக்க வேண்டும் என்பது நல்ல விதி. 160 கிலோ கேட்டுக்கு 500 அல்லது 600 கிலோ மோட்டார் போதும். 1,000 கிலோ மோட்டாரைத் தள்ளிவிடப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இழுவை அதிகமாக இருந்தால் ஆளோ காரோ குறுக்கே வரும்போது நசுக்கும் விசையும் அதிகமாக இருக்கும்.

சீனாவிலிருந்து வந்து இங்கே பல பெயர்களில் விற்கப்படும் மோட்டார்கள், இரண்டு ரிமோட்டோடு, 15,000 முதல் 25,000 ரூபாய். காமே, ஃபாக், நைஸ், பிஎஃப்டி போன்ற இத்தாலி நிறுவனங்களின் மோட்டார்கள் 35,000 முதல் 65,000 ரூபாய். கதவு கேட்டுக்கான இரட்டை மோட்டார் செட் சீன வகையில் 30,000 முதல் 50,000 வரை, இத்தாலி வகையில் 80,000க்கு மேல். தரைக்குள் புதைக்கும் மோட்டார்களும் உண்டு. பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வாசலில் தண்ணீர் நிற்கும் தெருவில் அதைப் போடாதீர்கள்.

விலை வித்தியாசத்துக்கு ஏற்ற தரம் இத்தாலி மோட்டாரில் இருக்கிறது. இருந்தாலும் ஒரு நாளைக்குப் பத்து தடவை திறந்து மூடும் வீட்டுக்கு, அருகிலேயே சர்வீஸ் ஆள் இருக்கும் நடுத்தர மோட்டார்தான் என் சிபாரிசு. மோட்டாரை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு போய்விட்டால் மாற்றுப் போர்டு எங்கே கிடைக்கும், எத்தனை நாளில் வரும் என்பதுதான் வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி. போர்டு கிடைக்காத மோட்டார், எந்த நாட்டுடையதாக இருந்தாலும், ஒரு இடியில் இரும்புக்கடைச் சாமான் ஆகிவிடும். ஐம்பது வீடுள்ள அடுக்குமாடிக் குடியிருப்புக்கு இந்தச் சிபாரிசு பொருந்தாது. அங்கே இடைவிடாமல் ஓடுவதற்கென்றே செய்த மோட்டார் வேண்டும். வீட்டு மோட்டார் சூடேறித் தானாக நின்றுவிடும்.

230 வோல்ட் ஏசி மோட்டாரா, 24 வோல்ட் டிசி மோட்டாரா என்பது அடுத்தது. டிசி வகை சில ஆயிரம் ரூபாய் கூடுதல். அதில் 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இரண்டை உள்ளேயே வைத்துவிடலாம், கரண்ட் போனாலும் கேட் திறக்கும். மெதுவாகக் கிளம்பி மெதுவாக நிற்கும் என்பதால் கேட்டுக்கும் அதிர்ச்சி இல்லை. ஏசி மோட்டாரை வீட்டு இன்வெர்ட்டரில் இணைக்கலாம், ஆனால் அது சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்க வேண்டும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் மோட்டார் உறுமும், சூடாகும். அடிக்கடி கரண்ட் போகும் ஊர், வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடு என்றால் டிசியே நல்லது.

ரிமோட் விஷயத்தில் ஒன்று. விலை குறைந்த செட்டுகளில் வரும் ரிமோட் எப்போதும் ஒரே சங்கேதத்தை அனுப்பும். சாவி வெட்டும் கடையில் கொடுத்தால் சில நிமிடத்தில் அதற்கு நகல் எடுத்துவிடலாம். ஒவ்வொரு முறையும் சங்கேதம் மாறும் ரோலிங் கோடு ரிமோட்டாகக் கேட்டு வாங்குங்கள். கூடுதல் ரிமோட் ஒன்று 500 முதல் 2,000 ரூபாய். செல்போனில் திறக்கும் வைஃபை கருவி 2,000 முதல் 5,000 ரூபாய். வேண்டுமென்றால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், அவசரமில்லை.

கரண்ட் பில்லைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். 400 வாட் மோட்டார் 12 அடி கேட்டைத் திறக்க 20 விநாடி, மூட 20 விநாடி எடுக்கும். நாளைக்குப் பத்து தடவை என்றால்கூட மாதத்துக்கு ஒன்றரை யூனிட் ஆகாது. ரிமோட்டுக்காகக் காத்திருக்கும் போர்டு நாள் முழுக்க 5 வாட் எடுத்தால் அதுதான் மாதம் மூன்றரை யூனிட். இரண்டும் சேர்ந்து இரண்டு மாத பில்லில் பத்து யூனிட், அவ்வளவுதான்.

கொத்து வேலை, கரண்ட் வேலை

புதுவீடு கட்டுகிறவர்கள் இதை மட்டும் இப்போதே செய்து வையுங்கள். தரை போடுவதற்கு முன், வாசலின் குறுக்கே இரண்டு பிவிசி பைப்பைப் புதைத்துவிடுங்கள். ஒன்று கரண்ட் வயருக்கு, இன்னொன்று, குறுக்கே ஆள் வந்தால் கண்டுபிடிக்கும் சென்சாரின் வயருக்கு. ஒரே பைப்பில் இரண்டையும் விட்டால் சென்சார் தவறாக வேலை செய்ய வாய்ப்புண்டு. பைப்பும் கூலியும் ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். டைல்ஸ் ஒட்டிய பிறகு வந்து உடைத்தால் எட்டாயிரம் பத்தாயிரம் ஆகும், உடைத்த தடமும் தெரியும்.

மோட்டார் உட்கார ஒரு கான்கிரீட் மேடை வேண்டும். சாதாரணமாகத் தரை மட்டத்துக்கே போடுவார்கள். தண்ணீர் தேங்கும் பகுதியில் இருப்பவர்கள் மேடையை ஒரு அடி உயர்த்திப் போடச் சொல்லுங்கள். கேட்டில் அடிக்கும் பல்சட்டத்தையும், அதை ரேக் என்பார்கள், அதே அளவு உயர்த்தி அடித்தால் போதும், வேறு மாற்றம் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. வெளியே வைக்கும் சாதாரண மோட்டார்கள் மழைத் தூறலைத் தாங்கும், மூழ்கினால் தாங்காது. கான்கிரீட் போட்டு ஏழு நாளாவது தண்ணீர் விட்டு ஆறிய பிறகுதான் மோட்டாரை முடுக்க வேண்டும்.

மீட்டர் பெட்டியிலிருந்து தனி எம்சிபி (பளு கூடினால் கரண்டை நிறுத்தும் சுவிட்ச்), 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் நிறுத்தும் சுவிட்ச்), எர்த் வயர் மூன்றும் கட்டாயம். வெளியில் மழையில் நிற்கும் இரும்பு கேட் அது, குழந்தைகள் தொடுவார்கள். கூடவே இடி, மின் ஏற்றத்தைத் தடுக்கும் சர்ஜ் ப்ரொடெக்டர் ஒன்று 1,500 ரூபாயில் கிடைக்கும். 10,000 ரூபாய் போர்டைக் காப்பாற்றும். இந்த வேலைக்கு உங்கள் வீட்டு வயரிங் தெரிந்த எலக்ட்ரீஷியனையே கூப்பிடுங்கள்.

சென்சார் இல்லாமல் வேலையை முடிக்காதீர்கள்

பட்ஜெட் இடிக்கும்போது பலர் முதலில் வெட்டுவது சென்சாரைத்தான். "அதெல்லாம் அபார்ட்மென்டுக்கு சார், வீட்டுக்கு எதுக்கு?" என்று சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். கேட்காதீர்கள்.

2010ஆம் ஆண்டு பிரிட்டனில், மான்செஸ்டரிலும் வேல்ஸில் உள்ள பிரிட்ஜெண்ட் ஊரிலுமாக, சில நாள் இடைவெளியில் இரண்டு சிறுமிகள் தானியங்கி கேட்டில் சிக்கி இறந்தார்கள். இருவரும் தொடக்கப்பள்ளி வயது. மோட்டாருக்குக் கண் கிடையாது. மூடு என்று சொன்னால் இடையில் இருப்பது என்னவென்று தெரியாமலே மூடும். நம் வீடுகளில் கேட் திறந்தவுடன் காருக்குப் பின்னால் ஓடிவரும் பிள்ளை உண்டு, கோலம் போட்டுக்கொண்டிருக்கும் பாட்டி உண்டு.

வாசலின் இரு பக்கமும் எதிரெதிரே வைக்கும் போட்டோசெல் ஒரு ஜோடி 1,500 முதல் 4,000 ரூபாய். நடுவே ஓடும் கண்ணுக்குத் தெரியாத கதிரை யாராவது மறைத்தால் மூடும் கேட் நின்று திரும்பத் திறக்கும். தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி உயரத்தில் வையுங்கள். காரின் ஜன்னல் உயரத்தில் வைத்தால் குழந்தையைப் பார்க்காது. இத்தோடு, எதையாவது இடித்தால் திரும்பிப் போகும் வசதி மோட்டாரிலேயே இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதன் அழுத்தத்தைக் குறைவாக வைக்கச் சொல்லுங்கள். கேட் நகரும்போது சுழன்று எரியும் விளக்கு ஒன்று ஆயிரம் ரூபாய், அதையும் போட்டுவிடுங்கள்.

போட்டோசெல் இல்லாத கேட்டில், தானாக மூடும் ஆட்டோ குளோஸ் வசதியை அணைத்தே வைக்க வேண்டும்.

திறந்த கேட் மதிலோரம் ஓடும்போது தூணுக்கும் கேட்டுக்கும் நடுவே விரலோ கையோ சிக்கும் இடம் ஒன்று உண்டு. கம்பி கேட் என்றால் அந்தப் பக்கம் மட்டுமாவது வலை அடித்துவிடுங்கள்.

மொத்தக் கணக்கு

மேலே சொன்ன 12 அடி எம்.எஸ். கேட்டைப் புதிதாகச் செய்து, நடுத்தர மோட்டார் போடும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்.

கேட் 160 கிலோ, கிலோ 150 வீதம்: 24,000 ரூபாய்
பெயின்ட்: 4,000
சக்கரம், கைடு ரோலர், தண்டவாளம், முனைத் தடுப்பு: 9,000
தண்டவாளக் கான்கிரீட், மோட்டார் மேடை: 8,000
மோட்டார், இரண்டு ரிமோட்டோடு: 22,000
ரேக் 4 மீட்டர், மீட்டர் 600 வீதம்: 2,400
போட்டோசெல், விளக்கு: 3,500
வயர், பைப், எம்சிபி, ஆர்சிசிபி, சர்ஜ் ப்ரொடெக்டர், எலக்ட்ரீஷியன் கூலி: 9,000
மோட்டார் பொருத்தும் கூலி: 6,000

கூட்டினால் 87,900. இதில் மோட்டாரின் பங்கு கால் பாகம்தான் என்பதைக் கவனியுங்கள். மோட்டார், ரேக், சென்சார் ஆகியவற்றுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. கொட்டேஷனில் அது சேர்ந்திருக்கிறதா, தனியா என்று பாருங்கள். தனி என்றால் 28,000 ரூபாய்ப் பொருளுக்கு 5,000 கூடும். எதிர்பாராத செலவுக்குக் கையில் ஒரு பத்தாயிரம் வைத்துக்கொள்ளுங்கள். தரையைத் தோண்டும்போது தண்ணீர்க் குழாயோ டிரைனேஜ் குழாயோ குறுக்கே வருவது சகஜம்.

கேட் ஏற்கெனவே நன்றாக இருந்தால் மேலே உள்ளதில் முதல் இரண்டு வரிகள் போய்விடும், மூன்றாவதும் நான்காவதும் பாதியாகும். ரூபாயைச் சேமிக்க அதுதான் நேர்மையான வழி.

கொட்டேஷன் வாங்கும்போது

வாசலை வந்து பார்க்காமல் போனிலேயே விலை சொல்பவரைத் தவிர்த்துவிடுங்கள். கேட்டைக் கையால் தள்ளிப் பார்க்காதவரையும் அப்படித்தான். குறைந்தது இரண்டு பேரிடம் எழுத்தில் வாங்குங்கள். மோட்டாரின் மாடல் எண், இழுக்கும் எடை, எத்தனை ரிமோட், ரேக் எத்தனை மீட்டர், சென்சார் உண்டா, மேடை யார் போடுவது, வயர் யார் இழுப்பது, இவை வரிவரியாக இருக்க வேண்டும். "கம்ப்ளீட் செட்" என்று ஒரே தொகையாக எழுதிக் கொடுத்தால் ஒப்பிட முடியாது.

வாரண்டி மோட்டாருக்கு மட்டுமா, போர்டுக்கும் சேர்த்தா என்று தனியாகக் கேளுங்கள். பாதித் தொகை அட்வான்ஸ், பொருத்தி முடித்ததும் மீதி, அதில் ஒரு பத்து சதவீதம் மட்டும் ஒரு மாதம் கழித்து என்று பேசிப் பாருங்கள். பலர் ஒத்துக்கொள்வார்கள்.

பொருத்தும் நாளில் கூடவே நில்லுங்கள்

ரேக்குக்கும் மோட்டாரின் பல்சக்கரத்துக்கும் நடுவே ஒன்று முதல் இரண்டு மி.மீ. இடைவெளி வேண்டும். கேட்டின் எடை பல்சக்கரத்தின் மேல் உட்காரவே கூடாது. உட்கார்ந்தால் மோட்டாரின் தண்டு தேயும், கொஞ்ச நாளில் உள்ளேயிருந்து முனகல் சத்தம் வரும். கேட்டை முழுக்க மூடியும், நடுவிலும், முழுக்கத் திறந்தும் மூன்று இடத்தில் இந்த இடைவெளியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வயர் நுழையும் ஓட்டையை சிலிகான் போட்டு அடைத்திருக்கிறார்களா என்று மூடியைத் திறந்து பாருங்கள். மோட்டார் பெட்டிக்குள் எப்போதும் இளஞ்சூடு இருக்கும். பல்லிக்கும் எறும்புக்கும் அந்தச் சூடு பிடிக்கும். போர்டின் மேல் பல்லி ஊர்ந்து ஷார்ட் ஆவதும், ரிலேக்குள் எறும்பு கூடு கட்டுவதும் நம் ஊரில் அன்றாடம் நடக்கிற விஷயம். பத்து ரூபாய் சிலிகான் இதைத் தடுக்கும்.

அப்புறம் மெயினை அணைத்துவிட்டு, மோட்டாரை விடுவிக்கும் சாவியைப் போட்டுக் கேட்டைக் கையால் திறந்து பாருங்கள். நீங்கள் மட்டும் இல்லை, வீட்டில் உள்ள எல்லோரும் செய்து பார்க்க வேண்டும். அம்மாவால் அந்த நெம்புகோலைத் திருப்ப முடியவில்லை என்றால் எண்ணெய் விட்டு இளக வைக்கச் சொல்லுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் கரண்ட் இல்லாமல் கேட்டைத் திறக்கத் தெரியாமல் நிற்கக் கூடாது. சாவி இரண்டு கொடுப்பார்கள். ஒன்று வீட்டுக்குள், இன்னொன்று நம்பிக்கையான பக்கத்து வீட்டில்.

போட்டோசெல்லையும் அன்றைக்கே சோதியுங்கள். கேட் மூடிக்கொண்டிருக்கும்போது ஒரு துடைப்பக்கட்டையைக் குறுக்கே நீட்டினால் உடனே நின்று திரும்ப வேண்டும். போட்டோசெல் வைத்த உயரத்திலேயே நீட்டிப் பாருங்கள்.

அதன் பிறகு

சர்வீஸுக்கு வருஷத்துக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் ஒதுக்குங்கள். தண்டவாளத்தில் சேரும் மண்ணையும் சரளைக்கல்லையும் வாரம் ஒருமுறை பெருக்கிவிட்டாலே பாதிப் பழுது வராது. சக்கரத்தின் பேரிங்குக்கு மழைக்கு முன் கிரீஸ் அடியுங்கள். ரேக்கில் கிரீஸ் பூசாதீர்கள். மண் ஒட்டி அரத்தைப் போல பல்லைத் தேய்க்கும். டிசி மோட்டார் என்றால் பேட்டரியை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும், ஜோடி 2,500 ரூபாய்க்குள்.

ஏசி மோட்டார் சில வருஷம் ஓடிய பிறகு ஒருநாள் ரிமோட்டை அழுத்தினால் உறுமும், கேட் நகராது. கையால் லேசாகத் தள்ளிவிட்டால் கிளம்பும். இது பெரும்பாலும் கெப்பாசிட்டர் வலுவிழந்ததன் அடையாளம். 200, 300 ரூபாய்ப் பொருள். மோட்டாரை மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் கெப்பாசிட்டரை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

டிரைவரோ வீட்டுவேலை செய்பவரோ நின்றுவிட்டால், ரிமோட்டைத் திரும்ப வாங்கியதோடு விடாமல் போர்டின் நினைவிலிருந்தும் அந்த ரிமோட்டை அழித்துவிடுங்கள். எப்படி அழிப்பது என்பதை, பொருத்த வந்தவர் இருக்கும்போதே செய்து காட்டச் சொல்லி போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.